பட்டியல் எப்போது நகரும்?

மாணவர்களே, மேற்படிப்புக்கு விண்ணப்பித்தால் மூன்று விதமான பதில்கள் வரலாம். 'இடம் கிடைத்தது' என்று வந்தால் வீட்டில் பாயாசம். 'கிடைக்கவில்லை' என்று வந்தால் இரண்டு நாள் வருத்தம். அப்புறம் வேறு வழி தேடுவோம். மூன்றாவது பதில்தான் ஆளை வாட்டும்: 'நீங்கள் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறீர்கள்.' மலாயில் 'சாலோன் சிம்பானான்' என்பார்கள். சிரிப்பதா அழுவதா என்றே தெரியாது.

ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்த என் முன்னாள் மாணவி எஸ்.டி.பி.எம். முடித்தவுடன், வணிக நிர்வாகம் படிக்க ஒரு கல்விக்கூடத்தில் உபகாரச் சம்பளத்துடன் விண்ணப்பித்தாள். பதில் வந்த இரவு எனக்குக் கைப்பேசியில் எழுதினாள்: "டீச்சர், நான் 14வது ஆள். அப்படின்னா 13 பேர் என்னைவிடக் கெட்டிக்காரங்களா?" அதே நேரத்தில் ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு உறுதியான இடம் இருந்தது. அதற்குப் பதில் சொல்ல இன்னும் நான்கே நாள். "கையில இருக்கறத விட்டுடாதம்மா" என்றார் அப்பா. "கொஞ்சம் பொறு, பெரிய இடம் கிடைக்கும்" என்றார் மாமா.

அவளுக்கு நான் சொன்ன பதிலில் பாதி கணிதம். எஸ்.பி.எம். முடிவுகளுக்குப் பிறகு உங்களில் பலரும் இதே இடத்தில் நிற்கக்கூடும் என்பதால், அந்தக் கணக்கை இந்த வாரம் உங்களோடு போட்டுப் பார்க்கிறேன்.

ஏன் இப்படி ஒரு பட்டியல்?

எஸ்.பி.எம். எழுதிய ஒரு மாணவர் என்னவெல்லாம் செய்கிறார்? மெட்ரிகுலேஷனுக்கு விண்ணப்பிக்கிறார். யு.பி.யு. வழியாக டிப்ளோமாவுக்கோ அடிப்படைக் கல்விக்கோ விண்ணப்பிக்கிறார். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தையும் முயல்கிறார். ஆறாம் படிவம் வேறு இருக்கிறது. வசதி இருந்தால் தனியார் கல்லூரியும் உண்டு. இவையெல்லாம் தனித்தனி வாசல்கள். நல்ல மதிப்பெண் உள்ளவருக்கு இரண்டு, மூன்று வாசல்கள் ஒரே சமயத்தில் திறக்கலாம். ஆனால், அவர் ஒரே ஆள். மஸ்ஜிட் தானாவிலுள்ள மலாக்கா மெட்ரிகுலேஷன் கல்லூரிக்குப் போகிறவர் அதே ஆண்டில் ஆறாம் படிவ வகுப்பிலும் உட்கார முடியாது. அவர் விட்டுப்போன நாற்காலிகள் காலியாகின்றன.

கல்லூரிக்கு இது ஒரு தலைவலி. 20 இடங்கள் இருந்து 20 பேரை மட்டும் அழைத்தால் பல இடங்கள் காலியாகிவிடும். 30 பேரை அழைத்துவிட்டு 25 பேர் வந்து நின்றால் உட்கார நாற்காலி இருக்காது. எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. இந்த நிச்சயமின்மையைச் சமாளிக்கக் கண்டுபிடித்த வழிதான் காத்திருப்புப் பட்டியல்.

ஒரு பகடையும் ஒரு காசும்

இதை வகுப்பில் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பகடையும் 20 காசு நாணயம் ஒன்றும் போதும்.

உங்கள் கல்லூரியில் 20 இடங்கள். அழைக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒருமுறை பகடையை உருட்டுங்கள். 1 முதல் 4 வரை விழுந்தால் அவர் சேர்கிறார். 5 அல்லது 6 விழுந்தால் வேறிடம் போய்விட்டார். அதாவது, மூவரில் இருவர் சேர்கிறார்கள்.

30 பேரை அழைத்தால் சராசரியாக 20 பேர் சேர்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், அது சராசரி மட்டுமே. திரும்பத் திரும்ப உருட்டிப் பார்த்தால் 10 முறையில் ஏறக்குறைய 4 முறை, 20-க்கும் அதிகமானவர்கள் வந்து நிற்பார்கள். இப்படி ஆபத்தில் மாட்ட எந்தக் கல்லூரியும் விரும்பாது.

ஆகவே 24 பேரை மட்டும் அழைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக 16 பேர் சேர்வார்கள். இடம் போதாமல் போவது 100 முறையில் 2 முறைதான். சராசரியாக 4 இடங்கள் காலி. அந்த நான்கையும் நிரப்பத்தான் காத்திருப்புப் பட்டியல்.

படிவம் 5-இல் கூடுதல் கணிதம் படிப்பவர்கள் இதை அடையாளம் கண்டிருப்பீர்கள். உங்கள் பாடநூலில் 'தாபுரான் பினோமியல்' என்றிருக்கும் ஈருறுப்புப் பரவல் இதுதான். முயற்சிகளின் எண்ணிக்கை 24, வெற்றியின் நிகழ்தகவு 2/3. இவற்றைக் கொண்டு திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 2.3 வரும். அதன் பொருள் என்ன? காலி இடங்களின் சராசரி 4 என்றாலும், ஓர் ஆண்டில் ஒன்றுமே காலியாகாமல் போகலாம். இன்னோர் ஆண்டில் 8 இடங்கள் காலியாகலாம். "போன வருஷம் பட்டியல் எதுவரை போனது?" என்று விசாரித்து மட்டும் இந்த ஆண்டை உறுதியாகச் சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

இப்போது காசை எடுங்கள். பட்டியலில் காத்திருப்பவர்களும் சும்மா காத்திருக்க மாட்டார்கள். அழைப்பு வருவதற்குள் சிலர் வேறிடத்தில் சேர்ந்திருப்பார்கள். எனவே, பட்டியலிலிருந்து ஒருவரை அழைக்கும்போதெல்லாம் காசைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் வருகிறார். பூ விழுந்தால் அடுத்தவரை அழைக்க வேண்டும். 4 இடங்களை நிரப்பச் சராசரியாக 8 பேரை அழைக்க வேண்டியிருக்கும்.

இந்த விளையாட்டில் உங்கள் முறை வருவதற்கான வாய்ப்பு எவ்வளவு? நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பட்டியலில் முதல் ஆளாக இருந்தால் 100-க்கு 94. ஐந்தாவது ஆளாக இருந்தால் ஏறக்குறைய 70. பத்தாவது ஆளாக இருந்தால் 35 அளவில். இருபதாவது ஆளாக இருந்தால் வெறும் 3.

இந்த எண்கள் நம் பகடைக் கல்லூரிக்கு மட்டுமே பொருந்தும். உண்மையான கல்லூரிகளில் விகிதம் வேறாக இருக்கும். ஆனால், இரண்டு உண்மைகள் எங்கும் பொருந்தும். முதலாவது, பட்டியலில் உங்கள் இடம் முன்னால் இருந்தாலும் உறுதி இல்லை. பின்னால் இருந்தாலும் முழுக்க நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. இரண்டாவது, பட்டியல் நகர்வதைத் தீர்மானிப்பவை உங்களுக்கு முன்னால் இருப்பவர்களின் முடிவுகள். பட்டியலில் ஏறிய பிறகு நீங்கள் தூங்காமல் கிடப்பதால் அது ஓர் அடிகூட நகராது.

13வது ஆள் உங்களைவிடக் கெட்டிக்காரரா?

என் மாணவியின் கேள்விக்கு வருவோம். அறிவியல் கூடத்தில் அடிக்கோலால் ஒரு கம்பியை அளக்கிறீர்கள். அதன் மிகச் சிறிய பிரிவு 0.1 சென்டிமீட்டர். "கம்பியின் நீளம் 12.437 சென்டிமீட்டர்" என்று எழுதினால் உங்கள் ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். அந்தக் கருவிக்கு அவ்வளவு நுட்பம் இல்லை.

மதிப்பெண்ணும் ஓர் அளவீடுதான். யு.பி.யு. தகுதி மதிப்பெண்ணில் 90 விழுக்காடு தேர்வு முடிவுக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. ஒருவருக்கு 86.41, இன்னொருவருக்கு 86.37 என்று வந்தால் வரிசைப்படுத்த அந்த 0.04 உதவும். ஏதாவது ஓரிடத்தில் கோடு கிழித்துத்தான் ஆக வேண்டும். ஆனால், தேர்வு நாளன்று லேசான காய்ச்சல், நன்றாகத் தெரிந்த ஒரு கேள்வி, நேர்முகத் தேர்வில் கேட்ட ஆசிரியரின் மனநிலை என எத்தனையோ காரணங்கள் 0.04-ஐவிடப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். கோட்டுக்குச் சற்று மேலே இருப்பவரும் சற்றுக் கீழே இருப்பவரும் அந்த அளவுகோலால் பிரித்தறிய முடியாதவர்கள். பட்டியல் வரிசையைச் சொல்கிறது. உங்கள் மூளையின் எடையைச் சொல்லவில்லை.

இன்னொரு செய்தியும் தெரிந்துகொள்ளுங்கள். உலகின் வணிகப் பள்ளிகள் பலவற்றில் காத்திருப்போருக்கு வரிசை எண்ணே கிடையாது. ஓர் இடம் காலியானால், வகுப்பில் எப்படிப்பட்டவர் குறைகிறார் என்று பார்த்து அழைப்பார்கள். பொறியியல் படித்தவர்கள் அதிகமாக இருந்தால் கலைத்துறைக்காரருக்கு அழைப்பு போகலாம். அங்கே 'நான் எத்தனையாவது ஆள்?' என்ற கேள்விக்குப் பதிலே இல்லை.

ஒரு நாற்காலி காலியானால் எத்தனை பேர் நகர்கிறார்கள்?

இந்தியாவின் ஐ.ஐ.எம். நிர்வாகக் கல்வி நிலையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அகமதாபாத்திலும் கொல்கத்தாவிலும் 1961-இலும், பெங்களூரில் 1973-இலும், தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளியில் 2011-இலும் தொடங்கப்பட்டவை. எல்லாவற்றுக்கும் நுழைவுத் தேர்வு ஒன்றுதான். ஆனால், இறுதித் தேர்வை ஒவ்வொன்றும் தனித்தனியே செய்கிறது. ஒரே கெட்டிக்காரருக்கு மூன்று இடங்களில் அழைப்பு வரும். அவர் அகமதாபாத்தைத் தேர்ந்தெடுத்தால் மற்ற இரண்டும் காலி. பெங்களூரில் அந்த இடத்துக்கு அழைக்கப்படுபவர் ஏற்கெனவே வேறோர் ஐ.ஐ.எம்.-இல் பணம் கட்டியிருப்பார். அவர் நகர்ந்தால் அங்கே ஓர் இடம் காலி. அதை நிரப்ப வருபவர் இன்னோர் இடத்தைக் காலி செய்வார்.

நம் ஊரிலும் இதே சங்கிலிதான். அலோர் காஜாவில் ஒரு பெண் மெட்ரிகுலேஷனுக்குப் போக முடிவெடுத்து, ஆசிரியர் பயிற்சிக் கழக இடத்தை மறுக்கிறாள். அந்த இடம், டுரியான் துங்காலில் டிப்ளோமா சேர்ந்திருந்த ஒருவருக்குப் போகிறது. அவர் விட்ட டிப்ளோமா இடம், மேல்முறையீடு செய்து காத்திருந்த புலாவ் செபாங் பையனுக்குப் போகிறது. முதல் ஆள் எடுத்த ஒரு முடிவு, அவளை அறியாத இரண்டு குடும்பங்களின் ஆண்டை மாற்றிவிடுகிறது. ஒவ்வொரு கண்ணிக்கும் சில நாள்கள் பிடிக்கும். காத்திருப்புப் பட்டியல்கள் கடைசி நேரத்தில் திடீரென்று நகர்வதற்கு இதுதான் காரணம்.

பட்டியலுக்குள் பிறந்த ஒரு கண்டுபிடிப்பு

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முடியுமா என்று 1962-இல் இரண்டு கணித அறிஞர்கள் யோசித்தார்கள். டேவிட் கேல், லாய்ட் ஷேப்லி என்பவர்கள். 'அமெரிக்கன் மேத்தமெட்டிக்கல் மன்த்லி' என்ற இதழில் ஏழு பக்கக் கட்டுரை ஒன்று எழுதினார்கள். ஒரு கல்லூரியில் இடம் கிடைத்து, அதைவிட விருப்பமான இன்னொரு கல்லூரியின் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் மாணவர் என்ன செய்வது? இருப்பதை ஏற்பதா, துணிந்து காத்திருப்பதா? அந்தக் கட்டுரை எடுத்துக்கொண்ட சிக்கல்களில் இதுவும் ஒன்று. என் மாணவியின் அப்பாவும் மாமாவும் விவாதித்ததும் இதையேதான்.

அவர்கள் சொன்ன வழி எளிமையானது. எந்தக் கல்லூரியும் உடனே 'உறுதி' சொல்லக் கூடாது. வந்தவர்களில் சிறந்தவரைத் தற்காலிகமாகத் தன் பட்டியலில் வைத்துக்கொண்டு, மற்றவர்களை விட்டுவிட வேண்டும். விடப்பட்டவர் தம் அடுத்த விருப்பத்துக்குப் போவார். யாரும் நகரத் தேவையில்லாத நிலை வரும்போது பட்டியலை உறுதி செய்யலாம்.

ஒரு சின்னப் பயிற்சி. வணிகம், கணக்கியல், சுற்றுலா என்று மூன்று துறைகள். ஒவ்வொன்றிலும் ஓர் இடம். கவிதாவும் ரவியும் முதலில் வணிகம், பிறகு கணக்கியல், கடைசியாகச் சுற்றுலா என்று விரும்புகிறார்கள். தேவிக்கு முதலில் கணக்கியல், பிறகு வணிகம், கடைசியாகச் சுற்றுலா. வணிகத்துறையின் தரவரிசை தேவி, ரவி, கவிதா. கணக்கியல் துறையின் தரவரிசை கவிதா, தேவி, ரவி. சுற்றுலாத்துறை யாரையும் ஏற்கும்.

முதல் சுற்றில் கவிதாவும் ரவியும் வணிகத்துக்குப் போகிறார்கள். வணிகம் ரவியை வைத்துக்கொண்டு கவிதாவை விடுகிறது. தேவியைக் கணக்கியல் வைத்துக்கொள்கிறது. இரண்டாம் சுற்றில் கவிதா கணக்கியலுக்குப் போகிறாள். கணக்கியலுக்கு அவள்தான் மேல், தேவி வெளியே. மூன்றாம் சுற்றில் தேவி வணிகத்துக்கு வருகிறாள். வணிகத்துக்கு அவள்தான் மேல். இதுவரை நிம்மதியாக இருந்த ரவி வெளியே. ரவி கணக்கியலைக் கேட்கிறான். அங்கே கவிதா இருக்கிறாள், கிடைக்கவில்லை. கடைசியில் சுற்றுலாவில் சேர்கிறான்.

ரவிக்கு வருத்தம்தான். ஆனால், தன்னைவிட முன்னுரிமை குறைந்தவர் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று அவனால் குறை சொல்ல முடியாது. இதைத்தான் 'நிலையான பொருத்தம்' என்கிறார்கள். இந்த முறையில் மாணவர்கள் தங்கள் உண்மையான விருப்பத்தை அப்படியே எழுதலாம். தந்திரமாக வரிசையை மாற்றி எழுதுவதால் கூடுதல் பலன் இல்லை என்றும் பின்னர் நிரூபிக்கப்பட்டது.

அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களை மருத்துவமனைகளோடு இணைக்க 1950களிலிருந்தே நடந்துவந்த முறை, அடிப்படையில் இதே வழிதான் என்று 1984-இல் ஆல்வின் ராத் காட்டினார். நியூயார்க் நகரம் 2003-இல் இடைநிலைப்பள்ளிச் சேர்க்கைக்கு இத்தகைய முறையைக் கொண்டுவந்தது. ஷேப்லிக்கும் ராத்துக்கும் 2012-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. கேல் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

கணிதம் தீர்மானிக்காத ஒன்று

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இருக்கும் இடங்களைப் பங்கிடுவதைத்தான் கணிதம் விளக்கும். மொத்தம் எத்தனை இடங்கள், யாருக்கு எத்தனை என்பது அரசாங்கத்தின் கொள்கை முடிவு. மெட்ரிகுலேஷனில் 90-க்கு 10 என்ற ஒதுக்கீட்டு முறையை நீங்கள் அறிவீர்கள். 2019-இல் மொத்த இடங்கள் 25,000-லிருந்து 40,000-ஆக உயர்த்தப்பட்டபோதும் அந்த விகிதம் மாறவில்லை. 2024-இல், எஸ்.பி.எம். தேர்வில் 10 'ஏ'-வும் அதற்கு மேலும் பெற்றவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று பிரதமர் அறிவித்தார். ஆகவே, இடம் கிடைக்காததற்கெல்லாம் 'நான் சரியாகப் படிக்கவில்லை' என்று உங்களை நீங்களே அடித்துக்கொள்ளாதீர்கள். அதேபோல், எல்லாவற்றுக்கும் கொள்கையையே காரணம் காட்டிவிட்டு விண்ணப்பிக்காமலும் இருந்துவிடாதீர்கள். விண்ணப்பிக்காதவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில், கையில் உள்ள இடத்தை விடாதீர்கள். ஏற்பதற்கான கடைசி நாளுக்குள் ஏற்றுக்கொள்ளுங்கள். எதுவும் கையில் இல்லையென்றால் ஆறாம் படிவத்தில் பதிந்துகொண்டு காத்திருங்கள். மூன்று பருவங்களில் முடியும் எஸ்.டி.பி.எம். பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் உறுதியான பாதை. அதை வெறும் காத்திருப்பு அறையாக நினைக்க வேண்டாம்.

அடுத்து, காத்திருப்புப் பட்டியலில் வைத்த இடத்துக்குத் தொலைபேசி செய்து நான்கு கேள்விகள் கேளுங்கள். பட்டியலுக்கு வரிசை எண் உண்டா? எந்த நாளோடு பட்டியல் முடிவடையும்? அழைப்பு வந்தால் பதில் சொல்ல எத்தனை நாள் தருவீர்கள்? புதிய சான்றிதழ் இருந்தால் அனுப்பலாமா? அனுப்பலாம் என்றால் ஒருமுறை அனுப்புங்கள். தினமும் அழைத்துத் தொல்லை செய்வதால் பயன் இல்லை. பணம் கட்டச் சொன்னால், பின்னால் விலகினால் அது திரும்பக் கிடைக்குமா என்று பெற்றோரை வைத்துக்கொண்டே கேளுங்கள். முன்பணமாகக் கட்டும் 500 ரிங்கிட் எல்லா வீட்டிலும் ஒரே கனம் உள்ளதல்ல.

மூன்றாவது, உங்களுக்கென்று ஒரு கடைசி நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளுக்குப் பிறகு பட்டியலை மறந்துவிட்டு, சேர்ந்த இடத்தில் மனத்தை வையுங்கள்.

நான்காவதைத்தான் பெரும்பாலோர் மறக்கிறார்கள். வேண்டாத இடத்தை உடனே மறுத்துவிடுங்கள்.

என் மாணவியிடம் அன்றிரவு இதைத்தான் கேட்டேன்: "உனக்கு வேற எங்கேயாவது இடம் வந்திருக்கா?" வந்திருந்தது. இன்னொரு கல்லூரி இடம் தந்து இரண்டு வாரம் ஆகியும் ஏற்கிறேன் என்றோ மறுக்கிறேன் என்றோ சொல்லாமல் விட்டிருந்தாள். வருத்தத்தில் அது மறந்தே போய்விட்டதாம். "அப்படின்னா அந்தக் கல்லூரிப் பட்டியல்ல இருக்கற ஒருத்தருக்கு நீதாம்மா அந்த 13வது ஆள்" என்றேன். சற்று நேரம் பதில் இல்லை. பிறகு ஒரு படம் அனுப்பினாள். மறுப்புப் பொத்தானை அழுத்தியதற்கான ஒப்புதல் அது.

மறுநாள் பல்கலைக்கழக இடத்தை ஏற்றுக்கொண்டாள். அவள் காத்திருந்த பட்டியல் அந்த ஆண்டு 11வது ஆளோடு நின்றுவிட்டது. இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவள் விட்டுக்கொடுத்த அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இந்த வாரம் பகடையையும் காசையும் எடுத்து 20 முறையாவது விளையாடிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பட்டியல் எதுவரை போகிறது என்று குறித்து, ஒரு வரைபடம் வரையுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நிற்கும். நாளை உங்கள் பெயர் ஒரு பட்டியலில் ஏறும்போது அந்த வரைபடம் நினைவுக்கு வந்தால் போதும்.